மே தினக் கூட்டத்தோடு சீனாவில்: பெய்ஜிங், ஸிபோ, சிங்தாவ்

ஏப்ரல் 29, 2025, செவ்வாய். பெய்ஜிங்

ஊர் முழுக்கப் பஞ்சு பறக்கிறது. வசந்தம் முடிகிற நேரத்தில் பாப்லர், வில்லோ மரங்களிலிருந்து விதைப் பஞ்சு வெடித்துக் கிளம்புமாம். மூக்கில் ஏறுகிறது, கண் இமையில் ஒட்டுகிறது, சாலையோரத்தில் உருண்டு உருண்டு சேர்ந்து கிடக்கிறது. வெயில் இருந்தாலும் காற்று வறண்டு குளிர்ச்சியாக இருப்பதால் வியர்வையே இல்லை. மலேசியாவின் கிள்ளானிலிருந்து வருகிறவனுக்கு அது பெரிய சுகம்.

2023 டிசம்பர் முதல் மலேசியர்களுக்குச் சீனா போக விசா வேண்டாம். அன்றிலிருந்தே தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் தேசிய வகை சீனப் பள்ளியில் படித்தவள், மாண்டரின் சரளமாகப் பேசுவாள். அவளுக்கு விடுப்பு கிடைத்தது மே தினத்தை ஒட்டித்தான். அந்த வாரம் மட்டும் போகாதே, மூச்சுவிட இடம் இருக்காது என்று எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், இருக்கும் சீன நண்பர்கள் எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அந்தக் கூட்டத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அப்பாவின் சாப்பாட்டுக் கடையைத்தான் நானும் சேர்ந்து நடத்துகிறேன். கொரோனா சமயத்தில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை போட்டுக் கடை அடைத்துக் கிடந்ததும், திறந்த பிறகு மேசை நிறைய ஆள் இருந்தும் கல்லாவில் பழைய கணக்கு வராததும் இன்னும் மறக்கவில்லை. மூன்று வருடம் கதவைச் சாத்தி வைத்திருந்த நாட்டில் அது எப்படி இருக்கிறது என்று நேரில் பார்க்கும் ஆசை.

இரவு வாங்ஃபூஜிங் கடைத்தெருப் பக்கம் நடந்தோம். பாப் மார்ட் பொம்மைக் கடை வாசலில் நல்ல கூட்டம். லபுபு பொம்மையின் புது வரிசை, ஒரு பெட்டி 99 யுவான், கேட்டால் தீர்ந்துவிட்டது என்றார்கள். வெறுங்கையோடு வெளியே வந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் பக்கத்தில் மிக்ஸ்வே ஐஸ்கிரீம் கடையில் ஆளுக்கு 2 யுவான் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு நடைபாதைத் திண்ணையில் உட்கார்ந்தார்கள். நம் ஊரிலும் தெருவுக்குத் தெரு வந்துவிட்ட அதே மிக்ஸ்வேதான், மார்ச்சில் ஹாங்காங் பங்குச் சந்தைக்கே போய்விட்டது. இராச் சாப்பாடு அந்த ஐஸ்கிரீமும் அறையில் இருக்கும் நூடில்ஸும்தான் என்று தங்கையிடம் சொன்னார்கள். பொம்மை கிடைத்திருந்தால் 99 யுவான் யோசிக்காமல் கொடுத்திருப்பார்களாம். அந்த வயதுப் பிள்ளைகள் மனசுக்குப் பிடித்த ஒன்றுக்குக் காசை ஒதுக்கிவிட்டு மற்ற எல்லாவற்றிலும் இறுக்கிப் பிடிப்பதை அப்புறம் போன இடமெல்லாம் பார்த்தோம்.

ஏப்ரல் 30, புதன். பெய்ஜிங்

பசியாற ஒரு சந்துக் கடையில் தோவ்ஜி குடித்தோம். பாசிப்பயற்றை ஊறவைத்து அரைத்துப் புளிக்கவைத்த சாம்பல் நிறக் கஞ்சி. கூடவே வளையம் போல மொறுமொறுப்பான ஒரு பலகாரம், கொஞ்சம் காரமான ஊறுகாய். முகத்தைச் சுளிப்போமா என்று கடைக்காரரும் பக்கத்து மேசைக் கிழவர்களும் எங்களையே பார்த்தார்கள். எனக்கு அது நம் பழைய சோற்றுத் தண்ணீர் இன்னும் ஒரு நாள் கூடுதலாகப் புளித்த மாதிரி இருந்தது, கிண்ணத்தைக் காலி செய்துவிட்டேன். ஒரு கிழவர் எழுந்து வந்து என் தோளில் தட்டிவிட்டுப் போனார். இருவருக்கும் சேர்த்து 20 யுவானுக்குள்தான். ஒரு யுவான் நம் மலேசியக் காசில் ஏறக்குறைய 60 காசு.

பேரரசர்களின் பழைய அரண்மனைக்கு, ‘தடைசெய்யப்பட்ட நகரம்’ என்பார்களே அதற்கு, டிக்கெட் கிடைக்கவில்லை. ஏழு நாள் முன்னால் இரவு 8 மணிக்கு விற்பனையைத் திறக்கிறார்கள், விடுமுறை வாரத்தில் நிமிடக் கணக்கில் முடிந்துவிடுகிறது. சரி என்று பின்பக்கம் இருக்கும் ஜிங்ஷான் பூங்காவில் ஏறினோம். மிங் வம்சத்தின் கடைசிப் பேரரசர் 1644-இல் தூக்கு மாட்டிக்கொண்ட குன்று இது. மேலே போனால் அரண்மனையின் மஞ்சள் ஓடுகள் தெற்கே வரிசை வரிசையாகத் தெரிகின்றன. உள்ளே போக முடியாத வருத்தம் அங்கே பாதி தீர்ந்தது.

அகழிப் பக்கம் முழுக்க சிங் வம்சத்து இளவரசி வேடத்தில் பெண்கள். உடை வாடகை, முக ஒப்பனை, புகைப்படக்காரர் எல்லாம் சேர்ந்து சில நூறு யுவான் ஆகும். ஒரு பெண் தலையில் பெரிய பூ அலங்காரத்தோடு, பட்டு உடை அழுக்காகாமல் மடியில் துண்டை விரித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். அவளுடைய அம்மா பக்கத்தில் நின்று தண்ணீர்ப் புட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார். தங்கையின் மாண்டரினைக் கேட்டதும் இருவருக்கும் ஆச்சரியம். எங்கே படித்தாய், வீட்டில் என்ன பேசுவீர்கள், சுருட்டை முடி இயற்கையா என்று கேள்வி மேல் கேள்வி. கடைசியில் தங்கையையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள், புகைப்படக்காரர் அதற்குத் தனிக் காசு கேட்கவில்லை.

மே 1, வியாழன். ரயிலில், பிறகு ஸிபோ

ஸிபோவுக்கு உட்காரும் இடம் கிடைக்கவில்லை, நின்றுகொண்டு போகும் டிக்கெட்தான் கிடைத்தது. விரைவு ரயிலில் அதற்கும் இரண்டாம் வகுப்பின் முழுக் கட்டணம்தான், பத்துக் காசு குறைக்கமாட்டார்கள். கதவுப் பக்கம் ஏறக்குறைய இருபது பேர் நின்றோம். விவரம் தெரிந்தவர்கள் மடக்கு முக்காலி கொண்டுவந்திருந்தார்கள்.

கடைசி வரிசையில் ஓய்வு பெற்ற கணவன் மனைவி. கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அந்த ஐயா எழுந்து, தங்கையை உட்காரச் சொன்னார். வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் விடவில்லை, கால் வீங்கும், நான் கொஞ்சம் நிற்கிறேன் என்றார். அந்த அம்மா ஒரு பையைத் திறந்தார். அவித்த முட்டை, வெள்ளரிக்காய், சூரியகாந்தி விதை, குட்டித் தக்காளி எல்லாம் கழுவித் துடைத்துத் தனித்தனி உறையில் இருந்தன. ரயில் சாப்பாட்டுக்கு ஒரு காசு கொடுக்கமாட்டேன் என்று பெருமையாகச் சொன்னார்.

மகன் 2021-இல் வீடு வாங்கியிருக்கிறான். விலை உச்சத்தில் இருந்த நேரம். இப்போது அதே கட்டடத்தில் அதே அளவு வீடு எவ்வளவு இறங்கிவிட்டது என்று சொல்லும்போது அந்த அம்மாவின் குரலே மாறியது. கடனை மகனும் மருமகளும் மாதாமாதம் கட்டுகிறார்கள், இவர்களும் ஓய்வூதியத்திலிருந்து கொஞ்சம் கொடுக்கிறார்கள். அப்படியிருக்கப் பயணம் எதற்கு என்று தங்கை பக்குவமாகத்தான் கேட்டாள். “மூன்று வருடம் வீட்டு வாசலில் அடைத்து வைத்தார்களே மா, இனி உடம்பு நடக்கிற வரைக்கும் போவோம். துணி வாங்குவதை நிறுத்திவிட்டேன், வெளியே சாப்பிடுவதைக் குறைத்துவிட்டேன். ஊர் பார்ப்பதைக் குறைக்கமாட்டேன்.”

ஐயா தன் புதுக் கைப்பேசியைக் காட்டினார். இந்த வருடம் ஜனவரியிலிருந்து 6,000 யுவான் வரை விலையுள்ள கைப்பேசிக்கு அரசாங்கம் 15 சதவீதம், அதிகபட்சம் 500 யுவான் கழித்துக் கொடுக்கிறது. குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் மாற்றினாலும் மானியம் உண்டு. மக்களைச் செலவழிக்க வைப்பதற்கென்று மேலிடம் 30,000 கோடி யுவான் ஒதுக்கியிருக்கிறது. கழிவு கொடுத்தார்கள், அதனால் இதை வாங்கினேன், வேறு ஒன்றும் வாங்குவதாக இல்லை என்று கையை விரித்தார். ஜினானில் இருவரும் இறங்கும்போது மீதி முட்டைகளை எங்கள் கையில் திணித்துவிட்டுத்தான் போனார்கள்.

ஸிபோ நிலையத்தில் இறங்கியதும் ஒரு சிக்கல். ஒரு மாதம் முன்பே பதிவு செய்த விடுதியிலிருந்து செய்தி வந்திருந்தது: குழாய் உடைந்துவிட்டது, அறை இல்லை, பணத்தைத் திருப்பித் தருகிறோம். அதே விடுதியின் அதே அறை செயலியில் இரண்டரை மடங்கு விலைக்கு இருக்கிறது. எனக்கு ரத்தம் கொதித்தது. தங்கை பதறாமல் 12345 என்ற நகராட்சிப் புகார் எண்ணை அழைத்து, இரண்டு திரைகளையும் படம் பிடித்து அனுப்பினாள். ஒரு மணி நேரத்துக்குள் அதிகாரி ஒருவர் திரும்ப அழைத்தார். அந்த விடுதியை விசாரிக்கிறோம், உங்களுக்கு இன்று தங்க இடம் வேண்டுமே என்று சொல்லி, பக்கத்திலேயே வேறு விடுதியில் நாங்கள் முதலில் பேசிய விலைக்கே அறை எடுத்துக் கொடுத்தார். 2023 மே தினத்தில் இந்த நகரம் அறை வாடகையை வழக்கத்தைவிட 50 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மே 1, இரவு. அதே ஊர்

ஸிபோ என்றால் நம் பக்கம் பலருக்குத் தெரியாது. ஷாண்டோங் மாநிலத்தில் பெட்ரோ ரசாயனமும் பீங்கானும் செய்கிற தொழில் நகரம், சுற்றுலாவுக்கு யாரும் போகாத ஊர். கொரோனாத் தனிமைப்படுத்தலுக்கு இங்கே அனுப்பப்பட்ட பல்கலைக்கழக மாணவர்களை ஊர் நன்றாகக் கவனித்துக்கொண்டு, எல்லாம் முடிந்ததும் திரும்பி வாருங்கள் என்று சொல்லி அனுப்பியதாகவும், 2023 வசந்தத்தில் அவர்கள் கூட்டம் கூட்டமாகச் சுட்ட இறைச்சி தின்ன வந்ததாகவும் சொல்கிறார்கள். காணொளிகள் பரவி நாடே கிளம்பி வந்துவிட்டது. ஜினானிலிருந்து இதற்கென்றே தனி ரயில் விட்டார்கள். ஏப்ரல் மாதம் கூட்டம் தாங்காமல், எங்களிடம் அறை இல்லை, மாநிலத்தின் மற்ற ஊர்களுக்கும் போங்கள் என்று நகரமே விருந்தாளிகளுக்குக் கடிதம் எழுதியது.

அரை மணி நேரம் காத்திருந்து மேசை பிடித்தோம். கட்டை நாற்காலி, முட்டி அளவு மேசை, நடுவில் ஒரு சாண் நீளக் கரி அடுப்பு. இறைச்சிக் கம்பிகள் உள்ளே முக்கால்வாசி வெந்து வருகின்றன, மீதியை நாமே அடுப்பில் திருப்பித் திருப்பிச் சுடவேண்டும். மாடு வேண்டாம் என்று தங்கை சொன்னதும், கடை அக்கா மறு கேள்வி கேட்காமல் ஆடும் கோழியும் தனித் தட்டில் கொண்டுவந்து, அதைச் சுட வேறு அடுப்பும் மாற்றிக் கொடுத்தார். கொழுப்பு சொட்டிக் கரியில் புகை எழும்பும்போது எடுத்து, உள்ளங்கை அளவு ரொட்டியில் காரக் குழம்பைத் தடவி, வறுத்த வேர்க்கடலையும் மிளகாயும் பொடித்த தூளைத் தூவி, பச்சையாக ஒரு வெங்காயத் தண்டை வைத்து, ரொட்டியால் இறைச்சியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கம்பியை உருவவேண்டும். முதல் கடியில் வெங்காயத் தண்டின் காரம் மூக்குக்கு ஏறும், அதன் பின்னால் ஆட்டுக் கொழுப்பு வரும். நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். இருவருக்கும் பானத்தோடு 118 யுவான், நம் காசுக்கு 70 வெள்ளி, அதாவது ரிங்கிட். இந்த விலைக்கு கிள்ளானில் இவ்வளவு இறைச்சி நிச்சயம் கிடைக்காது.

கூட்டம் குறைந்ததும் கடை அக்கா எங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். நானும் கடைக்காரன் என்று தங்கை சொன்னதுதான் காரணம். 2023-இல் மத்தியானமே வரிசைச் சீட்டு முடிந்துவிடும், விடியற்காலை வரை தூங்கியதில்லை என்றார். அந்த வருமானத்தை நம்பித்தான் பக்கத்துக் கடையையும் வாடகைக்கு எடுத்திருக்கிறார். இன்றும் மேசை நிறைகிறது, ஆனால் ஒரு மேசைக்குக் கம்பி எண்ணிக்கை குறைந்துவிட்டது, பானத்தைப் பலர் வெளியே வாங்கிக்கொண்டு வருகிறார்கள், நான்கு பேர் வந்தால் மூன்று பேருக்குச் சொல்கிறார்கள். கம்பி விலையை ஏற்றலாமே என்று கேட்டேன். தலையை வேகமாக ஆட்டினார். அரை யுவான் ஏற்றினால் அன்று இரவே யாராவது காணொளி போடுவார்கள், இந்த ஊருக்கு இருப்பதே அந்த ஒரு நல்ல பெயர்தான் என்றார். பக்கத்துக் கடையை இந்த வருடம் திருப்பிக் கொடுத்துவிடப் போகிறாராம். அந்த இடத்தில் எங்கள் அப்பாவை நினைத்துக்கொண்டேன், என்ன சொல்வதென்று தெரியவில்லை. கணக்குக் கேட்டபோது எங்கள் ரொட்டிக்கு மட்டும் காசு வாங்கவில்லை.

மே 2, வெள்ளி. ஸிபோ

காற்றும் புழுதியும். பாதாஜூ சந்தைக்குள் தோளோடு தோள் உரசித்தான் நடக்கமுடிகிறது. ஒரு காணொளிக்காரர் 2023 ஏப்ரலில் சொந்தத் தராசோடு இங்கே பத்துக் கடையில் வாங்கி எடை போட்டுப் பார்த்தபோது ஒன்றில்கூட எடை குறையவில்லை. ஊரின் பெயர் ஏறியதற்கு இறைச்சியைவிட அதுவே பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்று நாங்கள் வாங்கிய அரைக் கிலோ பொரித்த இறைச்சியைத் தராசில் வைத்து, முள் நின்ற பிறகும் அந்தப் பையன் இரண்டு துண்டு கூடப் போட்டான்.

கறுப்பரிசிப் பணியாரம் மென்மையாக, அளவான இனிப்போடு இருந்தது. பீங்கான், கண்ணாடி அருங்காட்சியகத்தில் ‘கோழிக் கொழுப்பு மஞ்சள்’ என்று ஒரு கண்ணாடி நிறம். பேரைக் கேட்டால் என்னவோ போலிருக்கும், பார்த்தால் நெய் உறைந்த நிறம், கண்ணை எடுக்கமுடியவில்லை. அம்மாவுக்கு ஒரு வளையல் வாங்கினோம், 80 யுவான். விற்ற பெண், காலையிலிருந்து கையில் போட்டுப் பார்த்தவர்கள் நிறையப் பேர், வாங்கியவர்கள் கொஞ்சம் பேர் என்றாள்.

மே 3, சனி. சிங்தாவ்

கடல் மூடுபனி. கிழக்கே வந்ததும் குளிர் அதிகமாகிவிட்டது. கடலுக்குள் நீளும் ஸான்சியாவ் பாலத்தில் நிற்க இடமில்லை, பனியில் அதன் முனை மண்டபமும் தெரியவில்லை. கடற்கரைப் பக்கம் வாடகை எட்டாத உயரத்தில் இருந்ததால் ஊருக்கு வெளியே தங்கினோம்.

இதுவும் ஷாண்டோங் மாநிலம்தான். இங்கே 2015 அக்டோபர் விடுமுறையில் ஒரு கடையில் தட்டு 38 யுவான் என்று நம்பி இறால் சாப்பிட்டவருக்கு, ஓர் இறால் 38 யுவான் என்று கணக்குப் போட்டார்கள். ‘விருந்தோம்பல் ஷாண்டோங்’ என்று மாநிலம் பல வருடம் செய்த விளம்பரம் ஒரே நாளில் கேலிக்கு ஆளானது. பத்து வருடம் கழித்தும் ரயிலில் அந்த அம்மா எங்களை அதைச் சொல்லித்தான் எச்சரித்தார். நாங்கள் போன கடையில் ஒவ்வொரு மீன் தொட்டிமேலும் அரைக் கிலோ விலையா, தட்டு விலையா என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். காய்ந்த மிளகாய் போட்டு வதக்கிய மட்டி ஒரு பெரிய தட்டு சாப்பிட்டோம், மணல் ஒரு துளி இல்லை. பீரை நெகிழிப் பையில் எடை போட்டு ஊற்றிக் கொடுக்கிறார்கள். ஜெர்மானியர்களும் ஆங்கிலேயர்களும் 1903-இல் தொடங்கிய ஆலை இந்த ஊரில்தான் இருக்கிறது. உறிஞ்சு குழாயை வைத்துக்கொண்டு வயதானவர்கள் தெருவில் நடந்தே குடித்துப் போகிறார்கள்.

மே 4, ஞாயிறு. சிங்தாவ்

காலை ரயில் நிலையக் கழிப்பறையில் மாணவிகள் வரிசையாகப் பல் துலக்கிக்கொண்டிருந்ததாகத் தங்கை வந்து சொன்னாள். இரவு ரயிலில் வந்து, பகல் முழுக்க நடந்து, இரவு ரயிலிலேயே திரும்பும் பிள்ளைகள். ‘சிறப்புப் படைச் சுற்றுலா’ என்று 2023-இல் இதற்குப் பெயர் வைத்தார்கள். நிலைய வாசலில் முதுகுப்பையில் சாய்ந்து தூங்கிய ஒரு பையனின் கைப்பேசித் திரையில் செலவுக் கணக்கு திறந்தபடி இருந்தது. தண்ணீர் 2, பேருந்து 1 என்று ஒவ்வொன்றும் எழுதியிருந்தான். அந்த வயதில் நானும் கோலாலம்பூரில் அப்படி எழுதியிருக்கிறேன். அந்தப் பையன் எழுந்ததும் எதையாவது வாங்கிக் கொடுக்கவேண்டும் போல இருந்தது, ஆனால் எங்களுக்கு நேரமாகிவிட்டது.

மே 6, செவ்வாய். கிள்ளான்

வீட்டுக்கு வந்து கால் நீட்டிப் படுத்துக்கொண்டே செய்தி பார்த்தேன். சீனப் பண்பாட்டு, சுற்றுலா அமைச்சகம் கணக்கு வெளியிட்டுவிட்டது. ஐந்து நாள் மே தின விடுமுறையில் உள்நாட்டில் 31.4 கோடிப் பயணங்கள், செலவு 18,027 கோடி யுவான். இரண்டுமே போன வருடத்தைவிட அதிகம், செய்தியெல்லாம் ஒரே கொண்டாட்டம்.

கடைக்காரன் புத்தி, வகுத்துப் பார்த்தேன். ஆளுக்கு 574 யுவான். 2019 மே தினத்தில் விடுமுறை நான்கு நாள்தான், 19.5 கோடிப் பயணங்கள், 11,767 கோடி யுவான், ஆளுக்கு 603. 2023-இல் எல்லாரும் வெறிகொண்டு கிளம்பிய அந்த மே தினத்தில் ஆளுக்கு 540. அதிலிருந்து ஏறியிருக்கிறது, சரி. ஆனால் ஆறு வருடம் போய், ஒரு நாளும் கூடுதலாகக் கிடைத்து, இன்னும் பழைய இடத்துக்கு வரவில்லை. அவித்த முட்டைப் பையும் நான்கு பேருக்கு மூன்று பேர் சாப்பாடும் இந்த 574-க்குள் அப்படியே இருக்கின்றன. வீட்டு விலை விழுந்த பயம் மனசில் இருக்கும்வரை 500 யுவான் கழிவு கொடுத்து அந்த அம்மாவை ஒரு துணிகூட வாங்கவைக்க முடியாது என்பது என் எண்ணம். ஊர் பார்ப்பதை மட்டும் அவர் விடமாட்டார், அதையும் நம்புகிறேன். கவலை கடை அக்காவைப் பற்றித்தான். மேசை நிறைந்திருப்பதைப் பார்க்கிறவர்கள் அவருக்குக் குறை இருப்பதாக நினைக்கவே மாட்டார்கள்.

போகிறவர்களுக்கு ஒன்று: மே தினம், அக்டோபர் முதல் வாரம் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். நாங்கள் ஸிபோவில் 310 யுவான் கொடுத்த அறை நாளை இரவுக்கு 140 என்று செயலி காட்டுகிறது. அடுத்த வாரம் போனால் மேசைக்குக் காத்திருக்கவே வேண்டாம், கடைக்காரர்களுக்கும் வெறும் நாளில் நான்கு காசு கிடைக்கும்.

அப்பா வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கொடுத்தார், பிறகு மேசைக் கரி அடுப்பின் படத்தை இன்னொரு தடவை காட்டச் சொன்னார். நம் கடையில் சனிக்கிழமை இரவுக்கு மட்டும் நான்கு மேசையில் போட்டுப் பார்க்கலாமா, கோழிக்கும் ஆட்டுக்கும் சரியாக வருமா, ஓர் அடுப்பு என்ன விலை என்று கேட்கிறார். தங்கை இப்போது அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறாள்.